பிரித்து மாட்டும்போது எஞ்சின் கவரில் விரிசல் விட்டுவிட்டதா? ஒட்டுவது, வெல்டிங் வைப்பது, மாற்றுவது

விரிசலைப் பார்த்தவுடன் செய்ய வேண்டிய முதல் காரியம், எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் இருப்பது. "ஓட்டிப் பார்ப்போம், கசிந்தால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று தோன்றும். ஆனால் ஒருமுறை சூடான ஆயில் அந்தக் கோட்டுக்குள் ஊறிவிட்டால் பசையும் பிடிக்காது, வெல்டிங்கும் சுத்தமாக வராது. அதுவும் தவிர, உடைந்த இடத்திலிருந்து ஒரு சில்லு உள்ளே விழுந்திருந்தால் அது போய் எந்தப் பல்சக்கரத்துக்கு நடுவில் உட்காரும் என்று யாருக்கும் தெரியாது.

இங்கே நான் சொல்வது பெரும்பாலும் பைக்கின் கிளட்ச் கவர், மேக்னெட் கவர், ஆயில் சம்ப் போன்ற வார்ப்பு அலுமினியப் பாகங்களைப் பற்றி. காரின் டைமிங் கவர், தெர்மோஸ்டாட் ஹவுசிங் எல்லாவற்றுக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும். சிலிண்டர் ஹெட், பிளாக் வேறு கதை, அதைக் கடைசியில் சுருக்கமாகச் சொல்கிறேன்.

உடைந்த சில்லுகள் இருந்தால் எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்து, உடைந்த இடத்தில் பொருத்திப் பாருங்கள். முழுசாகப் பொருந்தினால் நிம்மதி. ஒரு மூலை குறைந்தால் அது எஞ்சினுக்குள் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு தேடுங்கள். காந்தக் குச்சியை விட்டுத் துழாவிப் பயனில்லை, அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது. வளையும் கம்பி நுனியில் கொஞ்சம் கிரீஸ் தடவி ஒற்றி எடுக்கலாம். ஆயிலை ஒரு துணி வழியாக வடித்துப் பாருங்கள், ஸ்ட்ரெய்னரையும் (ஆயிலை வடிகட்டும் வலை) கழற்றிப் பாருங்கள். சில்லு கிடைக்கும்வரை கவரை மூடாதீர்கள்.

ஏன் உடைந்தது என்று கண்டுபிடிக்காமல் புதுசு மாட்டாதீர்கள்

பெரும்பாலானவர்கள் தாண்டிப் போகும் இடம் இதுதான். காரணம் அப்படியே இருந்தால் புதுக் கவரும் அதே இடத்தில் உடையும். வழக்கமான காரணங்கள் சில இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் அடையாளம் உண்டு.

ஒன்று, போல்ட் நீளம் மாறிப் போவது. ஒரே கவரில் மூன்று நான்கு நீளங்களில் போல்ட் வரும், தலை எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். நீள போல்ட் குட்டை ஓட்டைக்குள் போனால் அடியில் முட்டி நின்றுவிடும். தலைக்கும் கவருக்கும் இடையில் இடைவெளி இருக்கிறதே என்று நீங்கள் இன்னும் இறுக்க இறுக்க, ஓட்டையின் அடி வெடிக்கும். மாறாக, குட்டை போல்ட் நீள ஓட்டைக்குப் போனால் இரண்டு மூன்று மரையை மட்டும் பிடித்துக்கொண்டு அதைப் பிய்த்துக்கொண்டு வரும். எல்லா போல்ட்டையும் கவரின் ஓட்டைகளில் வெறுமனே சொருகிப் பாருங்கள்: தலை கவரில் உட்கார்ந்த பிறகு பின்பக்கம் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஒன்று மட்டும் அதிகமாக நீட்டினால் அது அந்த இடத்து போல்ட் இல்லை. அடுத்த முறை பிரிக்கும்போது ஒரு அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் போல்ட்டைக் குத்தி வைத்துவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை.

இரண்டு, அடி மூடிய ஓட்டைக்குள் ஆயில் தேங்கியிருப்பது. இதை நிறையப் பேர் நம்ப மாட்டார்கள். திரவம் அமுங்காது. ஓட்டை நிறைய ஆயில் இருக்கும்போது போல்ட்டை இறக்கினால், ஒதுங்க வழியில்லாத அந்த ஆயில் ஜாக்கி மாதிரி வேலை செய்து ஓட்டைச் சுவரையே வெடிக்க வைக்கும். கழுவிய பிறகு தேங்கிய தண்ணீர், பெட்ரோல் எல்லாம் அப்படித்தான். மாட்டும் முன் ஒவ்வொரு ஓட்டையையும் காற்றடித்தோ, முறுக்கிய துணியை விட்டோ காய வைக்க வேண்டும். காற்றடிக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், உள்ளே இருப்பது அப்படியே முகத்துக்கு வரும்.

மூன்று, கவர் சரியாக உட்காராமலேயே போல்ட்டால் இழுத்து உட்கார வைப்பது. டவல் பின் (கவரைச் சரியான இடத்தில் உட்கார வைக்கும் சின்னக் குழாய் அல்லது முளை) கொஞ்சம் சாய்ந்திருக்கும், அல்லது கிக் ஷாஃப்ட் ஓட்டைக்கு நேராக வராது, அல்லது வாட்டர் பம்ப் பல்சக்கரம் பல்லோடு பல் முட்டி நிற்கும். கையால் தள்ளியும், ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டியும் கவர் முழுவதும் போய்ச் சேர வேண்டும். ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலும் கழற்றிப் பார்த்து, ஷாஃப்ட்டைக் கொஞ்சம் சுழற்றி, மறுபடி மாட்டுங்கள். போல்ட் இருப்பது கவரைப் பிடித்து வைக்க, இழுத்து வர இல்லை. மேக்னெட் கவர் கொஞ்சம் விதிவிலக்கு மாதிரித் தெரியும், காந்தமே அதைப் படக்கென்று இழுத்துக்கொள்ளும். அங்கே கவரோடு சேர்த்து விரலையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான்கு, திருப்புளியை இடுக்கில் விட்டு நெம்புவது. பழைய கேஸ்கெட் ஒட்டிக்கொண்டு வராதபோது எல்லோருக்கும் கை திருப்புளிக்குத்தான் போகும். சில கவர்களில் நெம்புவதற்கென்றே சின்னதாக ஒரு மூக்கு வார்த்திருப்பார்கள். அது இல்லையென்றால் சுற்றிச் சுற்றி ரப்பர் சுத்தியலால் தட்டுவதுதான் வழி. அதற்கும் முன்னால், எங்காவது ஒரு போல்ட் கழற்றாமல் விட்டிருக்கிறதா என்று இன்னொருமுறை எண்ணிப் பாருங்கள். சேற்றுக்குள் ஒளிந்திருக்கும் அந்த ஒரு போல்ட் உடைத்த கவர்கள் ஏராளம்.

கடைசியாக, வெறும் அதிக இறுக்கம். 6 மி.மீ. போல்ட்டுக்கு அலுமினியத்தில் பொதுவாக 10 நியூட்டன் மீட்டர் (இறுக்கும் முறுக்கு விசையின் அளவு) தான் கேட்பார்கள், சர்வீஸ் புத்தகத்தில் உங்கள் எஞ்சினுக்கு என்ன போட்டிருக்கிறதோ அதுவே முடிவு. 10 நியூட்டன் மீட்டர் என்பது மிகச் சின்ன விசை. நீளக் கைப்பிடியுள்ள ராட்செட்டில் மணிக்கட்டை அசைத்தாலே தாண்டிவிடும். சக்கர நட்டுக்கு வைத்திருக்கும் பெரிய டார்க் ரெஞ்சை (வைத்த அளவு இறுக்கம் வந்ததும் கிளிக் என்று சொல்லும் ஸ்பேனர்) இதற்கு எடுக்காதீர்கள், அதன் அளவுகோலின் அடிமட்டத்தில் கிளிக் சத்தம் வருவதே தெரியாது. 5 முதல் 25 நியூட்டன் மீட்டர் வரை காட்டும் சின்னது ஒன்று வேண்டும். மரையில் ஆயிலோ கிரீஸோ தடவியிருந்தால் உராய்வு குறைந்து, அதே அளவில் போல்ட் இன்னும் பலமாக இழுக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

விரிசல் எங்கே முடிகிறது?

கண்ணுக்குத் தெரிவது விரிசலின் முழு நீளம் இல்லை. கவரைக் கழற்றி, வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவிக் காயவைத்து, விரிசலின் ஒரு பக்கம் மண்ணெண்ணெய் தடவுங்கள். கொஞ்ச நேரம் கழித்து நன்றாகத் துடைத்துவிட்டு மறுபக்கம் சாக்பீஸ் தூளைப் பூசி வையுங்கள். ஊறி வரும் எண்ணெய் தூளில் கருப்பாகக் கோடு போட்டுக் காட்டும். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் டை பெனட்ரன்ட் என்று மூன்று ஸ்ப்ரே சேர்ந்த செட் கிடைக்கிறது: சுத்தம் செய்வது, சிவப்புச் சாயம், வெள்ளை டெவலப்பர். சாயத்தை 10 நிமிடமாவது ஊற விட்டு, துணியால் துடைத்து, வெள்ளையை அடித்தால் சிவப்புக் கோடு மேலே வரும். கோட்டின் இரண்டு முனையையும் குத்தூசியால் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இனி முடிவு. என் கணக்கு ஒரே கேள்விதான்: அந்த இடம் எதைத் தாங்குகிறது? ஆயில் தெறிப்பதைத் தடுக்கும் வெறும் சுவர் என்றால் எபாக்ஸி (இரண்டு பாகங்களைக் கலந்து இறுக வைக்கும் பசை) போதும். போல்ட் உட்காரும் காது அல்லது கேஸ்கெட் தளம் என்றால் வெல்டிங், இல்லாவிட்டால் மாற்று. பேரிங், ஷாஃப்ட் புஷ், ஆயில் அழுத்தத்தோடு ஓடும் துளை இவற்றை விரிசல் தொட்டுவிட்டால் யோசிக்காமல் மாற்றுங்கள். சில எஞ்சின்களில் ஆயில் ஃபில்டரே கிளட்ச் கவருக்குள் இருக்கும், அங்கிருந்து கிராங்குக்கு அழுத்தத்தோடு ஆயில் போகும். அந்தப் பாதையில் பசை வைப்பது எஞ்சினைப் பணயம் வைப்பது.

எபாக்ஸி வைப்பதென்றால்

வேலையில் முக்கால்வாசி சுத்தம் செய்வதுதான். அலுமினிய வார்ப்பில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு, ஆயில் அதற்குள் ஊறியிருக்கும். ஹாட் ஏர் கன்னால் சூடாக்கினால் வியர்த்து வெளியே வரும். துடைத்து, அசிட்டோன் போட்டு, மறுபடி சூடாக்குங்கள் (அசிட்டோன் முழுக்க ஆறிப் பறந்த பிறகு, அது சட்டென்று தீப்பிடிக்கும்). வியர்ப்பது நிற்கும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

குத்தூசிப் புள்ளி வைத்த இரண்டு முனைகளிலும், கோடு முடியும் இடத்தைத் துளி தாண்டி, 2 அல்லது 3 மி.மீ. ஓட்டை போடுங்கள். கூர்மையான முனையில் சேரும் அழுத்தம் வட்டமான ஓட்டையைச் சுற்றிப் பரவிவிடும், விரிசல் மேலும் ஓடாது. பிறகு கோட்டின் நீளத்துக்கு முக்கோண அரத்தால் வி வடிவப் பள்ளம், சுவரின் தடிமனில் பாதிக்குக் கொஞ்சம் மேலே வரைக்கும். சுற்றிலும் இரண்டு விரல் அகலத்துக்கு 80 நம்பர் உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்குங்கள், பளபளப்பான இடத்தில் எந்தப் பசையும் நிற்காது. தூளைத் தட்டிவிட்டு மறுபடி அசிட்டோன், அதற்குப் பிறகு விரல் படக்கூடாது.

உலோகத்தூள் கலந்த இரண்டு குழாய் எபாக்ஸியாக வாங்குங்கள், எத்தனை டிகிரி தாங்கும் என்று அட்டையில் பாருங்கள். எஞ்சின் ஆயில் சாதாரணமாக 90 முதல் 120 டிகிரி வரை போகும், அதற்கு மேல் நல்ல இடைவெளி இருக்கிற பசையாக வேண்டும். ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை அவசரத்துக்கு நல்லது, எஞ்சினுக்கு இல்லை. அட்டையில் சொன்ன விகிதத்தில் கலந்து, பள்ளத்துக்குள் அழுத்தித் திணித்து, மேலே பட்டையாகப் பரப்பி, ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விடுங்கள். உள்பக்கம் பூசினால் கசிவு நன்றாக நிற்கும் என்பது உண்மை, ஆனால் பெயர்ந்து விழுந்தால் விழுவதும் உள்ளேதான். அதனால் நான் வெளிப்பக்கம் பூசுவதையே சொல்வேன். உள்ளே பூசியே ஆக வேண்டுமென்றால் மெல்லிசாக, கிளட்ச் பாஸ்கெட் (உள்ளே சுழலும் கிளட்ச் கூடு) உரசாத இடத்தில் மட்டும்.

வெல்டிங்குக்குக் கொடுக்கும் முன்

வார்ப்பு அலுமினியத்துக்கு ஆர்கான் வெல்டிங்தான், அதிலும் ஏசி மின்சாரத்தில். அலுமினியம் 660 டிகிரியில் உருகும், வார்ப்புக் கலவை அதற்கும் கீழே. ஆனால் அதன் மேல் படிந்திருக்கும் ஆக்சைடு தோல் உருக 2000 டிகிரிக்கு மேல் வேண்டும். ஏசி அந்தத் தோலை உரித்துக்கொண்டே போகும். இன்னொரு சங்கடம், இரும்பு மாதிரி சிவந்து காட்டாமல் அலுமினியம் திடீரென்று தொப்பென்று விழுந்துவிடும். ஆகவே கேட் கம்பி அழகாக வைப்பவரிடம் கொடுக்காமல், எஞ்சின் வார்ப்புகளைப் பற்றவைத்துப் பழகியவராகத் தேடுங்கள். 4043 கம்பி (அலுமினியத்துக்கான நிரப்புக் கம்பி) வைத்திருக்கிறாரா, வைப்பதற்கு முன் கவரைச் சூடாக்குவாரா என்று கேட்டால் ஆளைப் பற்றித் தெரிந்துவிடும். 150 டிகிரி சுற்றிச் சூடாக்கி, வைத்து முடித்ததும் காற்றோ தண்ணீரோ படாமல் மெல்ல ஆற விட வேண்டும்.

ஆயில் சீல், பேரிங், ஆயில் அளவு பார்க்கும் கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் கொடுங்கள். கவர் நெளியாமல் இருக்கத் தடித்த தகட்டில் போல்ட் போட்டுப் பிடித்து வைப்பது நல்லது. "உங்க எஞ்சின்லயே மாட்டி வச்சு வைக்கிறேன்" என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள், வெல்டிங் மின்சாரம் பேரிங் வழியாகவும் வயரிங் வழியாகவும் போனால் அது தனிச் செலவு.

இரண்டு அபாயங்களை அழுத்திச் சொல்ல வேண்டும். பிரேக் கிளீனர்களில் சில குளோரின் கலந்தவை. அதைக்கொண்டு கழுவி, ஈரம் மிச்சமிருக்கும்போது வெல்டிங் வைத்தால் ஆர்க்கின் வெப்பத்திலும் புற ஊதாக் கதிரிலும் பாஸ்ஜீன் என்ற விஷவாயு உண்டாகும், கொஞ்சம் சுவாசித்தாலே உயிருக்கு ஆபத்து. வெல்டிங்குக்குப் போகிற பாகத்தின் பக்கத்திலேயே அந்த டப்பாவைக் கொண்டுவராதீர்கள். அடுத்தது, சில எஞ்சின் கவர்கள் மெக்னீசியக் கலவை. கையில் தூக்கினால் வழக்கத்தைவிட லேசாக இருக்கும். மறைவான இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி ஒரு சொட்டு வினிகர் விட்டால் மெக்னீசியம் நுரைக்கும், அலுமினியம் சும்மா இருக்கும். அரைக்கும்போது வரும் அதன் தூள் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, ஊற்றினால் இன்னும் எரியும். காய்ந்த மணல்தான் போட வேண்டும். மெக்னீசியக் கவரை மாற்றுவதே நல்லது.

வெல்டிங் முடிந்து வந்ததும் கேஸ்கெட் தளத்தைத் தடித்த கண்ணாடிப் பலகை மேல் வைத்துப் பாருங்கள். 0.1 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) எங்காவது நுழைந்தால் தளம் நெளிந்திருக்கிறது. கண்ணாடி மேல் 400 நம்பர் தாளை ஒட்டி, கொஞ்சம் ஆயில் விட்டு, கவரை எட்டு போடுவது போல நகர்த்தித் தேய்த்தால் மேடு எங்கே என்று தெரியும், சமமாகவும் ஆகும். டவல் பின்னைக் கழற்றாமல் தேய்க்க முடியாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. கவரின் காதில் இருப்பது வெறும் ஓட்டை, மரை கிராங்க் கேஸில் (கவர் போய் உட்காரும் எஞ்சின் உடல்) இருக்கும். கிராங்க் கேஸ் பக்கம் மரை மட்டும் போயிருந்தால் ஹெலிகாயில் (புது மரையாக உள்ளே செருகும் கம்பிச் சுருள்) போட்டுக்கொள்ளலாம். மரை இருக்கிற தூணே உடைந்திருந்தால் எஞ்சினை முழுசாகப் பிரிக்கிற வேலை.

மாற்றுவதென்றால்

கவரின் உள்பக்கம் வார்த்திருக்கும் எண்ணும் உதிரிபாகப் பட்டியலில் இருக்கும் எண்ணும் எப்போதும் ஒன்றாக இருக்காது, பட்டியல் எண்ணையும் வண்டியின் தயாரிப்பு ஆண்டையும் வைத்தே கேளுங்கள். பழையது வாங்கினால் உங்கள் உடைந்த கவரைக் கையோடு கொண்டுபோய் ஓட்டை, டவல் இடம், சென்சார் துளை எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஒற்றை விரலில் தொங்கவிட்டு, பானையைத் தட்டிப் பார்ப்பது போலத் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் நல்ல சகுனம், மந்தமாகக் கேட்டால் சாக்பீஸ் தூளை எடுங்கள். புதுக் கவரோடு ஆயில் சீல், டவல் பின், புஷ் வராமல் இருக்கலாம். பின்னையும் புஷ்ஷையும் பழையதிலிருந்து மாற்றலாம், சீல் மட்டும் புதுசு போடுங்கள், கழற்றிய சீலின் உதடு மறுபடி சரியாகப் பிடிக்காது.

பட்டறையில் வேறு யாராவது உடைத்திருந்தால் சண்டைக்கு முன்னால் போட்டோ. உடைந்த இடம், போல்ட், சில்லு எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு, பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். மேலே சிலிக்கான் பூசி மறைத்துக் கொடுப்பதற்குச் சம்மதிக்காதீர்கள்.

மூடுவது

பழைய கேஸ்கெட்டைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். புதுக் காகிதக் கேஸ்கெட் என்றால் பசையே தேவையில்லை, கிராங்க் கேஸின் இரண்டு பாதிகள் சேரும் கோட்டில் மட்டும் ஒரு பொட்டு வைத்தால் போதும். சிலிக்கானை வாரி இறைத்தால் பிதுங்கியது உள்ளே உதிர்ந்து ஸ்ட்ரெய்னரை அடைக்கும். எல்லா போல்ட்டையும் முதலில் விரலாலேயே முழுக்கச் சுற்றிவிட்டு, எதிரெதிராக இரண்டு சுற்றில் இறுக்குங்கள்: முதல் சுற்று பாதி அளவு, அடுத்தது முழு அளவு. கிளிக் வந்ததும் கையை எடுங்கள், "உறுதிக்கு இன்னொரு கிளிக்" வேண்டாம்.

ஹெட்டிலும் பிளாக்கிலும் விரிசல் என்றால் மேலே சொன்ன எதையும் வீட்டில் செய்யாதீர்கள். அங்கே வெப்பமும் அழுத்தமும் வேறு அளவு. அழுத்தச் சோதனை செய்து, தளத்தை மெஷினில் சீவிக் கொடுக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும். வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு என்றால் நிக்கல் கம்பி, நன்றாகச் சூடாக்கல், மணலில் புதைத்து மெல்ல ஆற்றுதல். பிளாஸ்டிக் வால்வ் கவர் என்றால் ஒட்டாமல் மாற்றிவிடுங்கள்.

ஆயில் ஊற்றி, கவரின் வெளிப்பக்கத்தை எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடைத்து, ரிப்பேர் செய்த இடத்திலும் கேஸ்கெட் ஓரத்திலும் டால்கம் பவுடரைத் தூவிவிட்டு ஐட்லிங்கில் ஓட விடுங்கள். கசிந்தால் பவுடர் நனைந்து இடத்தைக் காட்டும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஒருமுறை, முழுக்க ஆறிய பிறகு ஒருமுறை பாருங்கள், ஆறும்போது சுருங்கி அப்போதுதான் கசிய ஆரம்பிக்கும் விரிசல்களும் உண்டு. அடுத்த சில நாள் ஓட்டத்தில் ஆயில் அளவைக் கிளம்பும் முன் பார்த்துக்கொண்டால், பவுடரில் தெரியாத மெல்லிய கசிவும் அதில் தெரிந்துவிடும்.